எஸ்.இ.5ஏ மாடல் கட்டுவது எப்படி: முதல் உலகப்போர் இரட்டை இறக்கை விமானத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளாஸ்டிக் மாடல் கிட் கட்டுவதில் நன்றாகக் கை தேர்ந்தவர்கள்கூட முதல் உலகப்போர் விமானங்கள் பக்கம் போகத் தயங்குகிறார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இறக்கை, நடுவில் எட்டு தாங்குகட்டைகள், அவற்றுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். பெட்டியின் மேல் உள்ள படத்தைப் பார்த்ததுமே ‘இது நமக்கு ஆகாது’ என்று திரும்ப வைத்துவிடுகிறார்கள். ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தால், அதே அளவில் வரும் ஒரு ஜெட் விமானக் கிட்டைவிடப் பாகங்கள் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

வித்தியாசமெல்லாம் வேலையின் வரிசையில்தான். ஒற்றை இறக்கை விமானத்தை முழுதாக ஒட்டி முடித்து, அப்புறம் பெயின்ட் அடிக்கலாம். இங்கே மேல் இறக்கையை ஒட்டிவிட்டால், கீழ் இறக்கையின் மேல்பக்கத்துக்கு பிரஷ் சரியாகப் போகாது. டீகேல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படங்கள்) ஒட்ட விரல் நுழையாது. கம்பிக்குத் துளை போடவும் வழி இல்லை. எனவே துளை, பெயின்ட், டீகேல் மூன்றும் முதலில், மேல் இறக்கை அதற்குப் பிறகு, கம்பி கடைசியில். இந்த வரிசையை மனதில் வாங்கிக்கொண்டால் மீதியெல்லாம் பொறுமையாகச் செய்யக்கூடிய வேலைதான்.

ஏன் எஸ்.இ.5ஏ

முதல் இரட்டை இறக்கை மாடலுக்கு நான் எல்லோருக்கும் சொல்வது பிரிட்டனின் எஸ்.இ.5ஏ போர் விமானத்தைத்தான். ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரியின் வடிவமைப்பு அது. மூல வடிவமான எஸ்.இ.5 முதன்முதலில் பறந்தது 1916 நவம்பர் 22-ல். 1917 ஏப்ரலில் 56-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவோடு பிரான்ஸ் போர்முனைக்குப் போனது. அதிக சக்தி கொண்ட எஞ்சினோடு வந்த 5ஏ ரகம் அதைத் தொடர்ந்தது. மொத்தம் 5,000-க்கும் மேல் தயாரானது. ஆல்பர்ட் பால், மக்கடன், மானொக் என்று பிரிட்டனின் பெயர் பெற்ற விமானிகள் இந்த வரிசை விமானங்களை ஓட்டியவர்கள்.

நம் நாட்டுக்காரர் ஒருவரும் அந்தப் பட்டியலில் உண்டு. கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய், 40-ஆம் ஸ்குவாட்ரனில் எஸ்.இ.5ஏ ஓட்டி, 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் 10 வான்வெற்றிகள் பெற்றார். அதே மாதம் 22-ஆம் தேதி, 19 வயதில், சண்டையில் இறந்தார். இந்தியாவின் முதல் ‘ஏஸ்’ (ஐந்து அல்லது அதற்கு மேல் வான்வெற்றி பெற்ற விமானி) அவர். இந்த மாடலை அலமாரியில் வைக்க எனக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

கட்டுகிறவருக்கும் இது தோதான விமானம். உடல் பகுதி பெட்டி வடிவம். இறக்கைக்கு நடுவே பக்கத்துக்கு ஒரே ஒரு ஜோடி தாங்குகட்டைதான். எஞ்சின் கவசத்துக்குள் மறைந்திருப்பதால், சோப்வித் கேமல் என்ற அந்தக் காலப் போர் விமானத்தில் இருப்பதுபோல வட்ட எஞ்சினின் சிலிண்டர்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயின்ட் அடிக்கும் வேலை இல்லை. உடலுக்கும் மேல் இறக்கைக்கும் நடுவே உள்ள நான்கு குட்டைத் தாங்குகட்டைகள் உறுதியானவை. இறக்கை நேராக உட்கார்வது அவற்றை நம்பித்தான்.

எந்த அளவு, எந்த கிட்

உண்மையான விமானத்தின் இறக்கை அகலம் 8.11 மீட்டர். அப்படியானால் 1/72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) சுமார் 11 செ.மீ., 1/48-ல் சுமார் 17 செ.மீ., 1/32-ல் சுமார் 25 செ.மீ. முதல் முறைக்கு 1/48 எடுங்கள். 1/72-ல் தாங்குகட்டைகள் தீக்குச்சியை விட மெலிதாகி, கை பட்டால் ஒடியும். 1/32 அருமையாக இருக்கும், ஆனால் அதில் ஒவ்வொரு கம்பியின் முனையிலும் உள்ள இணைப்பைக்கூடக் காட்ட வேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

1/48-ல் செக் நாட்டு எட்வார்டு நிறுவனத்தின் கிட் இன்று எனக்குத் தெரிந்து முதல் தேர்வு. பாகங்கள் கச்சிதமாகப் பொருந்தும். ‘புரொஃபிபேக்’ பதிப்பில் சீட் பெல்ட் முதலியவற்றுக்கு மெல்லிய உலோகத் தகடுகளும் சேர்ந்தே வரும். 1/32-ல் நியூசிலாந்தின் விங்நட் விங்ஸ் வெளியிட்ட எஸ்.இ.5ஏ மிக நல்ல கிட். அந்த நிறுவனம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது, மிச்சப் பிரதிகள் நல்ல விலைக்குப் போகின்றன. முதல் மாடலுக்கு அவ்வளவு செலவு வேண்டாம்.

மேசையில் இருக்க வேண்டியவை

ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்) பாகங்களை வெட்ட நல்ல சைடு கட்டர், கூர்மையான ஹாபி கத்தி, 400 முதல் 1500 வரை உப்புத்தாள், மெல்லிய முனை கொண்ட ட்வீசர், மாஸ்கிங் டேப். இவை எல்லா மாடலுக்கும் பொது. இரட்டை இறக்கைக்கென்று தனியாக வேண்டியவை நான்கு: கையால் சுழற்றும் பின் வைஸ், அதற்கு 0.3 மற்றும் 0.4 மி.மீ. துளையிடும் பிட்கள், கம்பி நீளம் அளக்க ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடர், அப்புறம் கம்பியாகப் பயன்படப்போகும் நூல்.

பிளாஸ்டிக்கை ஒட்ட, தண்ணீர் போல ஓடும் மெல்லிய சிமென்ட் ஒரு பாட்டில், மெதுவாகக் காயும் கெட்டியான சிமென்ட் ஒன்று. உலோகத்துக்கும் நூலுக்கும் சூப்பர் குளூ. சூப்பர் குளூவை டியூபிலிருந்து நேராக மாடலில் வைக்காதீர்கள். ஒரு பழைய பிளாஸ்டிக் மூடியில் ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையால் தொட்டு வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். சிமென்ட், தின்னர் இரண்டின் ஆவியும் மூச்சுக்கு ஆகாது.

படி 1: எந்த விமானம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

‘ஒரு எஸ்.இ.5ஏ’ என்று கட்ட முடியாது, குறிப்பிட்ட ஒரு விமானத்தைத்தான் கட்ட முடியும். இதைப் பலர் தவற விடுகிறார்கள். எஞ்சினைப் பொறுத்தே பல பாகங்கள் மாறும். கியர் வைத்த 200 குதிரைத்திறன் ஹிஸ்பானோ-சூயிசா எஞ்சின் என்றால் பெரும்பாலும் நான்கு இலை புரொப்பெல்லர். கியர் இல்லாத வோல்ஸ்லி வைப்பர் என்றால் இரண்டு இலை, முன்பக்க ரேடியேட்டரும் வேறு. முந்தைய விமானங்களில் சக்கரக் கால்கள் எஃகுக் குழாய், பிந்தையவற்றில் இன்னும் உறுதியான மரக் கால்கள். கிட்டில் இரண்டு வகையும் இருக்கும். டீகேல் தாளில் ஒரு விமானத்தைத் தேர்ந்து, அதற்கு வேண்டாத பாகங்களை வழிகாட்டித் தாளில் பென்சிலால் அடித்துவிடுங்கள்.

நல்ல புகைப்படங்களைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் ஷட்டில்வொர்த் சேகரிப்பில் எஃப்904 என்ற அசல் எஸ்.இ.5ஏ பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதைப் பல கோணங்களில் எடுத்த படங்கள் இணையத்தில் ஏராளம். கம்பிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை அவற்றைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

படி 2: விமானி அறை

ஸ்ப்ரூக்களை ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விட்ட தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். அச்சு எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ட் உரியும்.

அந்தக் கால விமானம் மரச்சட்டமும் துணியும்தான். ஆகவே விமானி அறைக்கு மரம் வரையத் தெரிய வேண்டும். இது இந்தக் கலையிலேயே மிகவும் திருப்தி தரும் பகுதி. முதலில் வெளிர் மணல் நிறம் அடியுங்கள். தமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-59 பெயின்ட் சரியாக இருக்கும். நன்றாகக் காய்ந்ததும், ஓவியர்கள் பயன்படுத்தும் பர்ன்ட் அம்பர் ஆயில் பெயின்டைப் புள்ளி அளவு எடுத்து மெலிதாகத் தடவுங்கள். பத்து நிமிடம் கழித்து, முடி விறைப்பான காய்ந்த பிரஷ்ஷால் ஒரே திசையில் இழுங்கள். பிரஷ்ஷின் கோடுகளே மரத்தின் ரேகையாக நிற்கும். அடுத்தடுத்த பலகைகளில் திசையையோ அடர்த்தியையோ கொஞ்சம் மாற்றினால் தனித்தனி மரத்துண்டுகள் போலத் தெரியும். ஆயில் பெயின்ட் காய இரண்டு மூன்று நாளாவது விடுங்கள். மேலே தெளிவான வார்னிஷ் ஒரு பூச்சு, அதில் ஒரு துளி ஆரஞ்சு கலந்தால் பளபளப்பும் வெதுவெதுப்பும் சேர்ந்து வரும்.

இருக்கைக்குத் தோல் நிறம், கட்டுப்பாட்டுத் தண்டின் மேல் வளையப் பிடிக்குக் கறுப்பு. உலோக சீட் பெல்ட்டை வளைக்கும் முன் மெழுகுவர்த்தித் தீயில் ஒரு நொடி காட்டினால் இளகி, துணி போல மடியும். உள்ளே வைத்ததில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இங்கே ஒரு மாதம் உட்கார வேண்டாம். மரம், பெல்ட், கருவிப் பலகை மூன்றும் நன்றாக இருந்தால் போதும்.

படி 3: உடலையும் கீழ் இறக்கையையும் சேர்ப்பது

விமானி அறையை உள்ளே வைத்து, ஒட்டாமல் இரண்டு பாதிகளையும் மூடிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் அறையின் பக்கவாட்டைத் தேய்க்க வேண்டும், உடலை அழுத்தி மூடக் கூடாது. அழுத்தி மூடிய உடலில் பிற்பாடு விரிசல் விடும்.

கீழ் இறக்கை நேராக இருப்பது இந்த மாடலின் அஸ்திவாரம். எஸ்.இ.5ஏ-வின் மேல், கீழ் இறக்கைகள் இரண்டுமே நுனி நோக்கி ஒரே அளவு மேலே சாய்ந்திருக்கும். ஒட்டிய பின் முன்னாலிருந்து பார்த்து, இரண்டு நுனிகளும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று ஸ்கேலால் அளந்து, ஓர் இரவு அசையாமல் விடுங்கள். வால் இறக்கையையும் இதோடு ஒத்துப்பார்த்து ஒட்டுங்கள்.

சில பழைய கிட்களில் இறக்கையின் துணி, விலா எலும்புகள் போன்ற உள்சட்டங்களுக்கு நடுவே பள்ளமாகத் தொங்குவதுபோல வார்த்திருப்பார்கள். அது மிகை. நிஜத்தில் லினன் துணியின் மேல் ‘டோப்’ என்ற செல்லுலோஸ் பூச்சைப் பூசுவார்கள். அது காயும்போது துணி சுருங்கி, முரசுத் தோல் போல இறுகிவிடும். அப்படிப்பட்ட கிட்டில் விலாக்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தணித்துவிடுங்கள். எட்வார்டு கிட்டில் இந்த வேலை தேவைப்படாது.

படி 4: பெயின்டுக்கு முன் துளை

கம்பி எங்கெல்லாம் போகிறது என்று இப்போதே தெரிந்திருக்க வேண்டும். பெயர்களைப் புரிந்துகொண்டால் வரைபடம் இல்லாமலே ஞாபகம் நிற்கும்.

விமானம் பறக்கும்போது இறக்கைகள் மேல்நோக்கி வளையப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது பறப்புக் கம்பிகள். உடலின் அடியில், கீழ் இறக்கையின் வேர்ப் பகுதியில் தொடங்கி, வெளிப்புறத் தாங்குகட்டைகளின் மேல் முனைக்கு ஏறும். உயிரே இவற்றில் தொங்குவதால் எஸ்.இ.5ஏ-வில் இவை இரட்டையாக, அருகருகே ஓடும். தரையில் நிற்கும்போது இறக்கையின் எடை கீழே இழுக்கும். அதைத் தாங்குவது தரைக் கம்பிகள். மேல் இறக்கையின் நடுப்பகுதியிலிருந்து தாங்குகட்டைகளின் கீழ் முனைக்கு இறங்கும். இவை ஒற்றை. முன் தாங்குகட்டைக்கும் பின் தாங்குகட்டைக்கும் நடுவே பெருக்கல் குறி போல இரண்டு கம்பிகள், இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் காக்க. இவை தவிர நடுத் தாங்குகட்டைகளுக்கு இடையிலும், சக்கரக் கால்களுக்கு இடையிலும், வாலிலும் கம்பிகள் உண்டு. மேல், கீழ் இறக்கைகளின் ஏலரான்களை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் மடல்கள்) இணைக்கும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் தனி.

ஒவ்வொரு முனையிலும் 0.3 மி.மீ. துளை போடுங்கள். கம்பி எந்தக் கோணத்தில் வருமோ அந்தக் கோணத்திலேயே பிட்டைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். முதலில் ஊசியால் ஒரு புள்ளி குத்தினால் பிட் வழுக்காது. இறக்கையைத் துளைத்து மறுபக்கம் வந்துவிடாமல் பாதி ஆழத்தில் நிறுத்துங்கள். பிட்டின் மேல் ஒரு துண்டு டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டால் ஆழம் தானாகவே தெரியும். தாங்குகட்டைகள் உட்காரும் குழிகளையும் இப்போதே ஒட்டாமல் பொருத்திப் பாருங்கள். பெயின்ட் ஏறினால் குழி இன்னும் சிறுக்கும்.

படி 5: பெயின்ட்

இந்தக் கட்டத்தில் உங்கள் மேசையில் இருப்பது: கீழ் இறக்கையும் வாலும் சேர்ந்த உடல் ஒன்று, மேல் இறக்கை தனியாக, தாங்குகட்டைகள் தனியாக, சக்கரங்களும் புரொப்பெல்லரும் தனியாக. எல்லாவற்றுக்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, தெரியவரும் பிசிறுகளைச் சரிசெய்யுங்கள்.

அடிப்பக்கம் முதலில். எஸ்.இ.5ஏ-வின் இறக்கை அடிப்பக்கங்களில் சாயம் கிடையாது, நிறமற்ற டோப் பூசிய லினன்தான். வெள்ளையில் கொஞ்சம் பஃப் என்ற வெளிர் மஞ்சள் பழுப்பு நிறம் கலந்து, பழைய வேட்டியின் மங்கல் வரும்வரை சரிபாருங்கள். சுத்த வெள்ளையும் கூடாது, மஞ்சளும் கூடாது. காய்ந்ததும் ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் மூடி மேல்பக்கத்துக்கு வாருங்கள்.

மேல்பக்கமும் உடலும் பிசி10 என்ற அந்தக் காலப் பூச்சு. இந்த நிறம் என்ன என்று மாடல் கட்டுகிறவர்கள் பல பத்தாண்டுகளாக விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சள் காவியும் விளக்குப் புகைக்கரியும் கலந்து தயாரித்தது அது. கலவை விகிதம், மேலே பூசிய வார்னிஷ், வெயில் இவற்றைப் பொறுத்து பச்சை சேர்ந்த காக்கி முதல் சாக்லேட் பழுப்பு வரை எப்படியும் தெரியும். தமியா எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராபில் கொஞ்சம் எக்ஸ்எஃப்-64 சிவப்புப் பழுப்பு கலந்தால் நடுவாந்தரமான, நம்பும்படியான நிறம் கிடைக்கும். எனக்குப் பழுப்பு கொஞ்சம் தூக்கலாக இருப்பதுதான் பிடிக்கும். எஞ்சின் கவசம் உலோகம் என்பதால் அங்கே நிறத்தை ஒரு சாயல் மாற்றினால் துணிக்கும் தகட்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

ஏர்பிரஷ் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். அகலமான மென்மையான பிரஷ்ஷால், நீர்த்த அக்ரிலிக்கை மூன்று நான்கு மெல்லிய பூச்சாக, இறக்கையின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புக்கு இழுங்கள். நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் பிரஷ் நுனியிலேயே காய்ந்துவிடும், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு துளி கலந்துகொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மழைநாளில் லாக்கர் வகை வார்னிஷ் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் பூச்சில் மாட்டிப் பால் போல வெளுத்துப்போகும்.

தாங்குகட்டைகளுக்கு விமானி அறையில் செய்த அதே மர வேலை. புரொப்பெல்லர் பல பலகைகளை அடுக்கி ஒட்டிச் செதுக்கியது. வெளிர், அடர் பழுப்புக் கோடுகள் மாறி மாறி, இலையின் வளைவோடு போகும்படி மெல்லிய பிரஷ்ஷால் வரைந்தால் பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

படி 6: டீகேல்

பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துக் காய்ந்த பின்பே டீகேல். மேட் பரப்பில் நேராக ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மின்னும். விலாக்களின் மேட்டில் டீகேல் படிய, இளக்கும் திரவத்தை மேலே தடவி, தொடாமல் விட்டுவிடுங்கள். முதலில் சுருங்கி பயமுறுத்தும், காயும்போது தானே படிந்துவிடும்.

வட்டச் சின்னத்தில் வெளியே நீலம், நடுவில் வெள்ளை, உள்ளே சிவப்பு. பிசி10-இன் மேல் வரும் சின்னங்களுக்கு வெளியே மெல்லிய வெள்ளை வளையமும் இருக்கும். வாலின் சுக்கானில் முன்னாலிருந்து பின்னாக நீலம், வெள்ளை, சிவப்பு. 1930-ல்தான் பிரிட்டன் இந்த வரிசையைத் திருப்பியது. முடிந்ததும் பாதி மினுக்கு கொண்ட சாட்டின் வார்னிஷ். டோப் பூசிய துணிக்கு முழு மேட் பொருந்தாது.

படி 7: மேல் இறக்கை

உடலின் மேல் உள்ள நான்கு நடுத் தாங்குகட்டைகளை மெதுவாகக் காயும் சிமென்டால் ஒட்டுங்கள். சிமென்ட் இளகிய நிலையில் இருக்கும்போதே மேல் இறக்கையை, ஒட்டாமல், அவற்றின் மேல் உட்கார வையுங்கள். தாங்குகட்டைகள் தாமாகவே சரியான கோணத்துக்கு வந்துவிடும். அரை மணி கழித்து இறக்கையை மெதுவாக எடுத்துவிட்டு ஓர் இரவு காய விடுங்கள்.

அடுத்த நாள், வெளிப்புறத் தாங்குகட்டைகள் நான்கையும் கீழ் இறக்கையின் குழிகளில் அதே மெதுவான சிமென்டோடு நிறுத்தி, எல்லா முனைகளிலும் ஒரு புள்ளி சிமென்ட் வைத்து, மேல் இறக்கையை இறக்குங்கள். உட்காரும் இடங்களில் பெயின்டை முன்கூட்டியே சுரண்டியிருக்க வேண்டும், பெயின்டின் மேல் சிமென்ட் பிடிக்காது. இப்போது மூன்று பார்வை. முன்னாலிருந்து, இரண்டு இறக்கைகளும் இணையாக இருக்கின்றனவா? மேலிருந்து, இறக்கை உடலுக்குச் செங்குத்தாக இருக்கிறதா? பக்கவாட்டில், மேல் இறக்கை கீழ் இறக்கையைவிட முன்னால் தள்ளியிருப்பது இரு பக்கமும் ஒரே அளவா? அட்டையில் வெட்டிய தாங்கியையோ லெகோ கட்டைகளையோ இரு நுனிகளின் அடியிலும் வைத்து நிறுத்தி, ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

படி 8: கம்பி

எஸ்.இ.5ஏ போன்ற பிரிட்டிஷ் விமானங்களில் இறக்கைகளைப் பிடித்து நிறுத்தியது முறுக்கிய கேபிள் இல்லை. காற்றைக் கிழித்துப் போகும்படி தட்டையாக உருட்டிய எஃகுக் கம்பி. ஆகவே மெலிதான, தட்டையான நூலே பொருத்தம். ஈசி லைன் போன்ற எலாஸ்டிக் நூல் முதல்முறைக்காரர்களுக்கு மிக நல்லது. நூலின் ஒரு முனையை சூப்பர் குளூவில் தொட்டு, ட்வீசரால் மேல் துளையில் வைத்துப் பத்து விநாடி பிடியுங்கள். இழுத்துப் பார்த்து உறுதியானதும், தேவையான நீளத்தைவிடச் சற்றுக் குறைவாக வெட்டி, மறுமுனையை லேசாக இழுத்துக் கீழ்த் துளையில் ஒட்டுங்கள். கை பட்டாலும் நீண்டு கொடுத்துத் திரும்பிவிடும்.

இரண்டாவது வழி 0.1 மி.மீ. நைலான் இழை. இன்னும் கூர்மையாகத் தெரியும். தொய்வு இருந்தால், எரியும் ஊதுபத்தியின் கங்கைக் கம்பியைத் தொடாமல் அருகில் கொண்டுபோங்கள், சூட்டில் சுருங்கி விறைப்பாகும். எலாஸ்டிக்கில் இதைச் செய்யாதீர்கள், அறுந்துவிடும். 1/72 அளவு என்றால் மெல்லிய உலோகக் கம்பியை டிவைடரால் அளந்து வெட்டி, இரு முனையிலும் ஃபெவிகாலில் தொட்டு வைப்பதே சுத்தமான வழி.

உள்ளிருந்து வெளியே வாருங்கள்: முதலில் நடுத் தாங்குகட்டைக் கம்பிகள், பிறகு தரைக் கம்பிகள், பறப்புக் கம்பிகள், கடைசியில் தாங்குகட்டைகளுக்கு நடுவே உள்ள பெருக்கல் குறிகள். இரு பக்கமும் மாறி மாறிச் செய்தால் இழுவிசை ஒரே பக்கம் சேராது. கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் ஒன்றோடொன்று உரசாமலிருக்க நிஜத்தில் ஒரு சிறு தாங்கி இருந்தது. அங்கே ஒரு புள்ளி ஃபெவிகால் வைத்து, காய்ந்ததும் பழுப்பு தொட்டால் அதுவும் வந்துவிடும்.

படி 9: மிச்சம்

மேல் இறக்கையின் லூயிஸ் துப்பாக்கி, வளைந்த ஃபாஸ்டர் தண்டவாளத்தின் மேல் உட்காரும். விமானி அதைப் பின்னால் இழுத்து இறக்கித்தான் குண்டு டிரம்மை மாற்றுவார். உடலின் மேல் இடப்பக்கமாக விக்கர்ஸ் துப்பாக்கி. இரண்டையும், காற்றுத் தடுப்புக் கண்ணாடியையும் கம்பிக்குப் பிறகு ஒட்டுங்கள், முன்னால் ஒட்டினால் கை பட்டு உடையும்.

அழுக்கு மிதமாகப் போதும். கேமலின் வட்ட எஞ்சின் விளக்கெண்ணெயை வெளியே கக்கிக்கொண்டே பறக்கும். எஸ்.இ.5ஏ-வின் எஞ்சின் தண்ணீரால் குளிரும் வகை, அப்படி உடலெல்லாம் எண்ணெய் வழியாது. பக்கவாட்டில் விமானி அறையைத் தாண்டி நீளும் புகைக்குழாய்களுக்குத் துருப் பழுப்பு, அவற்றின் முடிவில் உடலின் மேல் லேசான கரி, சக்கரத்திலும் வால் கட்டையிலும் காய்ந்த மண், விமானி ஏறும் இடத்தில் கொஞ்சம் தேய்மானம்.

கண்ணாடிப் பெட்டியில், நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். திறந்த அலமாரியானால் கம்பிகளில் தூசி சீக்கிரம் ஏறும். அதைத் துணியால் துடைக்கக் கூடாது. கேமரா லென்ஸுக்கு விற்கும் ஊதுகுமிழால் ஊதி, மிச்சத்தை மேக்கப் பிரஷ்ஷால் கம்பியின் நீளவாக்கிலேயே தட்டுங்கள். தூக்கும்போது இறக்கை நுனியைப் பிடிக்காமல், உடலின் அடியில், கீழ் இறக்கை சேரும் இடத்தில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்குங்கள்.